அர்மஸ் கோஸ்கெலாவின் முதுகு

அர்மஸ் கோஸ்கெலாவின் முதுகுக்குப் பின்னால் பனி விழாது. எங்கள் ஊரான ஹில்மாவில் அக்டோபர் கடைசியில் தொடங்கும் பனி மே மாதம்வரை விழும். தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்திலும் விழுந்தது, மூடிய பிறகும் விழுந்தது. மாடியிலும் ஒரு வாசல் வைத்து வீடு கட்டுவது எங்கள் வழக்கம். வைக்காதவர்கள் வசந்தத்தில்தான் வெளியே வந்தார்கள், சிலர் கையில் புதிதாக ஒரு குழந்தையோடு. அப்படிப்பட்ட ஊரில், அவனுடைய அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு நாள், ஏரியைப் பார்த்து நின்ற அந்த நான்கு வயதுப் பையனுக்குப் பின்னால் இருந்த கொடி முழுக்க மொறமொறவென்று காய்ந்திருப்பதைக் கண்டாள். அவனுக்கு முன்னால் கட்டியிருந்த பசுவைக் காணவில்லை. பின்னால் விழ வேண்டிய பனி ஒரு துளியும் தள்ளுபடியாகாமல் முன்னால் விழுந்திருந்தது. பசுவை ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபமாக மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து ஊர் அவனை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போகும் பெண்கள் அவனை முன்னால் விட்டு வாத்துக் குஞ்சுகளைப்போல வரிசையாகப் பின்னால் நடந்தார்கள். கல்யாணம், சாவு, விறகு வெட்டு எதற்கும் முதலில் அவனிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் நாள் குறித்தார்கள். பனி மட்டும்தான் என்றில்லை, காய்ச்சல், காற்று, எறிந்த கல், எதுவுமே அவன் முதுகைத் தாண்டிப் போகாது. பதினாறு வயதில் வாசல்களில் பக்கவாட்டில்தான் நுழைந்தான். சவுனா என்ற நீராவிக் குளியலறையில் அவன் உட்கார்ந்து மூன்று பலகைகள் முறிந்தபின், அவனுடைய அப்பா சுரங்கத்திலிருந்து இரண்டு தண்டவாளங்களைக் கொண்டுவந்து போட்டார். அவையும் நடுவில் கொஞ்சம் வளைந்தன. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டிகளை அவன் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுவான் என்று சொல்வது சரியில்லை. அடுப்பு முழுக்கச் சாப்பிடுவான்.

பள்ளிக்கூட ஃபுட்பால் பயிற்சியாளர் அவனை முன்வரிசையின் இடது கோடியில் நிறுத்தினார். அந்த முட்டை வடிவப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கையை ஓங்கும்போது அவனுக்குத் தன் இடப்பக்கம் தெரியாது. எதிரிகள் அந்தப் பக்கமாகத்தான் ஓடிவந்து அவனை அடித்துச் சாய்ப்பார்கள். அந்த மூலையில் நின்று மறிப்பவன் பந்தைத் தொடக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டால் பந்து புறப்படும்வரை ஒரு விரல்கூட அசையக்கூடாது. அசைந்தால் ஐந்து கெஜம் தண்டனை. அன்றைக்கு மட்டும்தான் அவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அர்மஸ் நின்ற நான்கு வருடமும் எங்கள் குவார்ட்டர்பேக்கின் சட்டை துவைக்கப்படவில்லை, அதற்குத் தேவையே வரவில்லை. எதிர் அணிக்காரர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஆட வந்தார்கள்.

கல்லூரி முடிந்ததும் டொலீடோ ஆங்கர்ஸ் என்ற தொழில்முறை அணி அவனை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஹோலன்பெக்குக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அர்மஸின் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகிவிட்டதால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவனுக்கு அதே இருபத்து நான்குதான். முகத்தில் ஒரு கோடு விழவில்லை. தாடிகூட மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனாலும் சவர சோப்பு விளம்பரத்தில் எல்லாம் அவன்தான் சிரித்தான். அவனுக்கு வர வேண்டிய வயதெல்லாம் எதிர் அணிகளுக்குப் போயிற்று. முதல் பாதியில் கருத்த தலையோடு வந்தவர்கள் இரண்டாம் பாதியில் மூட்டுவலி மாத்திரை கேட்டார்கள். இதில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ராஸ்கோ டில்லார்ட். மிசிசிப்பிக்காரர், எதிர் அணியின் ஓரத்தில் நின்று பாய்கிறவர், அந்தக் காலத்தில் அவரை நிறுத்த ஒரு சரக்கு ரயில் வேண்டும் என்பார்கள். அவரை அர்மஸ் நின்ற இடத்திலேயே நிறுத்தினான்.

"டேய், உன் வீட்ல கதவே வெக்கலியாடா? ஒரே ஒரு தடவை திறந்து விடேன், உள்ள பாத்துட்டுப் போயிடறேன்" என்று ராஸ்கோ மீசையில் தொங்கும் பனிக்கட்டிகளோடு கத்துவார்.

"வேற வீடு பாரு" என்பான் அர்மஸ். எங்கள் ஊர் ஆட்கள் ஒரு நாளைக்குப் பேசுவது அவ்வளவுதான்.

ஐலி அவனுக்கு மனைவியானது இதற்கு நடுவில்தான். ஹில்மாவில் பேஸ்டி சுடும் கடை அவளுடையது. பேஸ்டி ஒன்று முப்பத்தைந்து சென்ட். அவளுடைய வாய்க்குத் தனியாகக் காசு கிடையாது. அர்மஸ் அவளை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தது ஜூலையில். பார்த்துக்கொண்டே நின்றான். கடைக்குள் மாவின்மேல் பனி விழுந்தது. "பாத்தது போதும், மாவு உறையுது. வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லேன்னா கட்டிக்கோ" என்றாள். கல்யாணத்தன்று பாதிரியார் அவர்களை முகத்துக்கு முகம் நிற்கச் சொன்னபோது அவளுடைய முக்காட்டின்மேல் ஒரு சாண் பனி ஏறிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே உதறினாள். அவர்களுடைய முதல் குளிர்காலத்தில் கூரையைவிடப் படுக்கையிலிருந்துதான் அதிகப் பனியை அள்ளிக் கொட்டினார்கள் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அண்டை வீட்டார் பொய் சொல்லக்கூடியவர்கள்தான், ஆனால் ஜன்னலுக்குக் கீழே குவிந்திருந்ததை ஊரே பார்த்தது. அவளுக்கு அப்போது நல்ல நுரையீரல். குளிர் அவளை ஒன்றும் செய்யவில்லை.

ஆட்டக் காலத்தில் அவன் டொலீடோவில் இருப்பான், அவள் கடையில் வானொலி கேட்பாள். வானொலியில் அவனுடைய பெயர் வராது. ஹோலன்பெக் எறிந்தான், ஹோலன்பெக் சிரித்தான், ஹோலன்பெக் தலை வாரினான் என்றே மாலைவரை ஓடும். யாராவது கேட்டால், "பேரு வரல, நல்லா ஆடறான்" என்பாள் ஐலி.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது ஆங்கர்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஜனவரி மாதம், ஏரிக்கரை மைதானம், வானத்தில் கல்மழை. எதிரே ராஸ்கோவின் அணி. ஐலி முதன்முறையாக நேரில் பார்க்க வந்திருந்தாள். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கால் பகுதி முடிந்ததும் அணிகள் திசை மாறும். அதனால் தன் முதுகுப் பக்கமே அவள் இருக்கும்படி அர்மஸ் மைதானத்தின் இரண்டு கோடிகளிலும் அவளுக்கு இருக்கை வாங்கி வைத்திருந்தான். மூன்று பகுதிகள் அவள் காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒழுங்காக நடந்தாள். கடைசிப் பகுதியில் எழுந்திருக்கவில்லை. அர்மஸ் தன் பக்கம் பார்த்து நிற்கப்போகிறான் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

"நேரமாச்சும்மா, அந்தப் பக்கம் போகலியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"போகல. ஊரெல்லாம் ஹோலன்பெக் மூஞ்சியப் பாக்குது. என் வீட்டுக்காரன் ஆடும்போது மூஞ்சிய எப்பிடி வெச்சுக்கிறான்னு நான் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

ஹோலன்பெக்கின்மேல் விழ வேண்டிய கல்மழை முழுவதும் அவள் ஒருத்தியின் இருக்கையில் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் நனையாமல் சாசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிய இன்னும் ஒரே ஒரு முறைதான் பந்து புறப்படும், இலக்குக்கு நாலைந்து கெஜம்தான் பாக்கி, ஆங்கர்ஸ் நாலு புள்ளி பின்னால். அர்மஸ் குனிந்து கையைத் தரையில் ஊன்றினான். ஊன்றிய பிறகுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். கழுத்துவரை ஐஸ் ஏறியிருந்தது. அவள் கையை ஆட்டப் பார்த்தாள், கை வரவில்லை. அவன் எழுந்து திரும்பியிருந்தால் போதும், அது நின்றிருக்கும். ஐந்து கெஜம் போயிருக்கும், ஒலிபெருக்கியில் ஒரு முறை பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான். அவன் அசையவில்லை. நான்கு வயதிலிருந்து அசையாமல் நிற்பதற்காகவே எல்லாராலும் பாராட்டப்பட்டவன். அந்த உடம்புக்கு வேறு எதுவும் தெரியவில்லை. ஹோலன்பெக் எப்போதும்போலத் தலைமயிரைக் கோதிக்கொண்டு, ஒரு பாட்டின் இரண்டு வரியை மெல்ல முணுமுணுத்துவிட்டு, அப்புறம்தான் பந்தைக் கேட்டான். பந்து வந்தது. ராஸ்கோ பாய்ந்தார், நின்றார். ஹோலன்பெக் எறிந்தான். ஆங்கர்ஸ் ஜெயித்தார்கள்.

ஐலியை இருக்கையிலிருந்து உடைத்து எடுக்கக் கோடரி தேவைப்பட்டது. உயிர் இருந்தது, நுரையீரல் பாதிதான் இருந்தது. இன்னொரு முறை நெஞ்சில் குளிர் ஏறினால் கஷ்டம் என்றார் டொலீடோ டாக்டர். வெற்றி மோதிரத்தை ஒரு தட்டில் வைத்து அர்மஸுக்குக் கொடுத்தார்கள். அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் கைத்துண்டைச் சுருட்டி வைக்கப் பயன்படுத்தினாள், அளவு சரியாக இருந்தது. அர்மஸ் அந்த வாரமே ஆட்டத்தை விட்டான். அடுத்த பருவத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஹோலன்பெக்கை யாரோ அடித்துச் சாய்த்தார்கள். விழும்போது இருபத்து நான்கு வயது, எழுந்திருக்கும்போது முப்பத்தாறு, சாயங்காலத்துக்குள் வழுக்கை. இப்போது கார் விற்கிறார் என்று கேள்வி, நன்றாகவே விற்கிறாராம்.

ஹில்மாவுக்குத் திரும்பிய நாளில் அர்மஸ் தன் மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றான். பிறகு திரும்பவில்லை. கடையில் அவன் முன்னால் நின்று வாடிக்கையாளர்களைப் பார்த்து விற்பான், அவள் அவனுக்குப் பின்னால் மாவு பிசைவாள். அவளுக்கு இருமல் நின்றது. பேஸ்டி வாங்க வந்தவர்கள்மேல் ஆகஸ்டிலும் பனி கொட்டியதால் எல்லாரும் சில்லறையைச் சரியாகக் கொண்டுவந்து, பேரம் பேசாமல், ஓடினார்கள். வியாபாரம் அவ்வளவு வேகமாக அதற்கு முன் நடந்ததில்லை. காரில் அவள் பின் இருக்கை. தேவாலயத்தில் அவனுக்குப் பின் வரிசை. படுக்கையில் அவன் சுவரைப் பார்த்துப் படுப்பான், அந்தச் சுவரில் எப்போதும் உறைபனி. ஒரு கண்ணாடியை மாட்டி அதில் முகம் பார்க்க முயன்றார்கள். கண்ணாடி பூத்துப்போய் வெள்ளையானது. துடைத்தார்கள், வெடித்தது. அதோடு விட்டார்கள்.

வருடங்கள் போயின. பேஸ்டியின் விலை இரண்டு டாலர் ஆயிற்று. ஐலிக்கு முப்பத்தாறு வயது தாண்டவேயில்லை. அவளோடு படித்தவர்கள் பல்செட் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, அவனுடைய தோளுக்கு மேலாக எட்டி, "நீ என்னடி சாப்பிடறே?" என்று எரிச்சலோடு கேட்டார்கள். "முதுகப் பாத்துக்கிட்டே இருக்கேன்டி. நீயும் உன் வீட்டுக்காரரத் திருப்பிப் போட்டுப் பாரு" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்காமல் மாவை அடிப்பாள். அவளுக்கு அந்த முதுகின் ஒவ்வொரு மச்சமும் தெரியும், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக்கொண்டு வருவதும் தெரியும். முகம் மட்டும் தெரியாது.

அவள் சும்மா இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். தினமும் சமையலறையில் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தாள். அவன் காலை மாற்றித் திரும்புவான். அவள் மறுபக்கம் ஓடுவாள், அவனும் மறுபக்கம் திரும்புவான். நாட்டிலேயே வேகமான ஆட்கள் பன்னிரண்டு ஆண்டுகள் முயன்று தோற்ற கால்கள் அவை. பாதி நுரையீரலோடு ஒரு பேஸ்டிக்காரியா சுற்றிவிட முடியும்? சமையலறைத் தரையில் வட்டமாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துப் பந்தயம் கட்டினார்கள். ஐலிமேல் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

"ஒரு நிமிஷம் திரும்பு. பனி விழுந்தா விழட்டும். தொப்பி போட்டுக்கறேன்."

"வேண்டாம்."

"நான் கல்யாணம் கட்டினது ஆளையா, சுவத்தையா?"

"அன்னிக்குத் திரும்பல. இன்னிக்கும் திரும்ப மாட்டேன்" என்பான் அர்மஸ். அன்று திரும்பாததற்குப் பரிகாரமாகத்தான் இன்று திரும்பாமல் நிற்கிறான் என்பது அவன் கணக்கு. இரண்டும் ஒரே தப்பு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்டதாகத் தெரியவில்லை. முதுகில் காது இல்லை.

பிறகு அவனுடைய இதயம் மோசமானது. முன்வரிசைக்காரர்களின் இதயம் அந்த உடம்பை அறுபதுவரை சுமப்பதே பெரிது. வரும் கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். தனியாக என்றால் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நின்று, மெல்லிய குரலில். அன்றிலிருந்து ஐலிக்கு ஒரே ஒரு பயம்தான். அவன் செத்துப்போவான், அவள் முப்பத்தாறு வயதிலேயே நிற்பாள், அந்தக் கடைசி முகம் எப்படி இருந்தது என்று தெரியாமலே.

அந்த அக்டோபரில்தான் ராஸ்கோ டில்லார்ட் பழைய எதிரியைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். இரண்டு முழங்காலும் உலோகம், கையில் ஊன்றுகோல், உடம்பில் மூன்று கோட்டு. அர்மஸுக்கு எதிரே உட்கார்ந்து தலையில் ஏறும் பனியை அவ்வப்போது தட்டிவிட்டுக்கொண்டே பேஸ்டி தின்றார், பழைய நினைவாக. பிறகு அர்மஸ் நாற்காலியிலேயே குறட்டை விட்டபோது, முதுகுப் பக்கம் வந்து ஐலியிடம் உட்கார்ந்தார். அவன் தூங்கும்போது முன்னால் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டார். அவள் கையைச் சுழற்றிக் காட்டினாள். போனால் தூக்கத்திலேயே நாற்காலியோடு திரும்பிவிடுவான்.

"மேடம், இவன் எப்பிடி மறிக்கிறான்னு நான் பன்னெண்டு வருஷம் படிச்சிருக்கேன். இவன் நம்ம கண்ணப் பாக்க மாட்டான், நம்ம காலப் பாக்க மாட்டான். காத்து அசையறத வெச்சே புடிப்பான். ஏமாத்த ஒரே வழிதான் இருக்கு. எப்பவும் ஒரே பக்கமாவே போகணும். இடது பக்கம். தோக்கணும். மறுபடி இடது பக்கம். மறுபடி தோக்கணும். இவனோட காலு அதையே பழகி, நீங்க கிளம்பறதுக்கு முந்தியே அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சுடும். அன்னிக்கு வலது பக்கம் போங்க, கைக்குக் கீழ நுழைஞ்சு."

"இவ்வளவு தெரிஞ்சவர் நீங்க ஏன் பண்ணல?"

"எனக்குத் தோத்துக்கிட்டே இருக்கற பொறுமை இல்ல, மேடம். ரெண்டு தடவை தோத்தாலே கோவம் வந்துடும்." அர்மஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கடைசி ஆட்டத்துல நீங்க உறையறத நானும் திரும்பிப் பாத்தேன். நடுவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி ஆட்டத்த நிறுத்தியிருக்கலாம். இவன் அசைவானா, அஞ்சு கெஜம் கிடைக்குமான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

ஐலி அவருடைய தட்டில் இன்னொரு பேஸ்டி வைத்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் இடது பக்கமாகவே போனாள், போய்த் தோற்றாள். காலையில் தோற்றாள், சாப்பாட்டுக்கு முன் தோற்றாள், பாத்திரம் கழுவும்போது தோற்றாள். "என்ன ஐலி, எப்பவும் ஒரே பக்கம்? மூளைக்கு வயசாகுதா?" என்று அர்மஸ்கூடக் கேலி செய்தான், ஒரு நாளைக்குரிய பேச்சை அதிலேயே செலவழித்து. ஜன்னல் பந்தயக்காரர்கள் சலித்து வீட்டுக்குப் போனார்கள். மார்ச் மாதம் ஒரு பகலில், அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தபோது, அவள் இடது தோளைக் கொஞ்சமே கொஞ்சம் அசைத்தாள். அவனுடைய கால் தானாகவே இடதுபக்கம் போயிற்று. அவள் வலது பக்கம் அவனுடைய கைக்குக் கீழே நுழைந்து முன்னால் வந்து நின்றாள். அர்மஸ் கோஸ்கெலாவைத் தாண்டிப் போன முதல் ஆள் அவள்தான்.

அவன் திரும்ப முயன்றான். அவள் இரண்டு கையாலும் அவனுடைய காதுகளைப் பிடித்துக்கொண்டாள். "ஹோல்டிங்" என்றான் அவன், ஆளைப் பிடித்துவைப்பது அந்த ஆட்டத்தில் குற்றம். "ஊதச் சொல்லு விசிலை" என்றாள். பனி விழத் தொடங்கிவிட்டது. அவள் அந்த முகத்தை நெற்றியிலிருந்து கீழே ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். புருவம் வெளுத்திருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. வாய் ஓரத்தில் ஒரு கோடு. அது எந்த வருடம் வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"ஐயோ, யாரு இந்தக் கிழவன்? என் வீட்டுக்குள்ள எப்பிடி வந்தான்?" என்றாள்.

"ஐலி, போயிடு. நெஞ்சுல குளிர் ஏறிடும்."

"ஏறட்டும். பேசாம நில்லு. அதுதான் உனக்கு நல்லா வருமே."

அவன் நின்றான். அவளுக்கு வராமல் நின்றுபோயிருந்த வருடங்களெல்லாம் பனியோடு சேர்ந்து வந்தன. முதலில் கழுத்தில், பிறகு கையில், பிறகு தலையில். மூன்று மணிக்குள் அவளுக்கு வயது சரியாகிவிட்டது. அவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். ஒவ்வொரு வருடமாகப் பார்க்க வேண்டியதை ஒரே மத்தியானத்தில் பார்த்தான்.

"அன்னிக்கு எழுந்திருச்சிருக்கணும்" என்றான்.

"ஆமா. எழுந்திருச்சிருக்கணும்" என்றாள் ஐலி. பெரிய மனதோடு, பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்டை வீட்டார் மண்வெட்டிகளோடு வந்து சமையலறையை அள்ளிக் கொட்டினார்கள். எந்த வீட்டுக்கும் செய்வதுதான். அடுத்த ஆறு வாரமும் வந்தார்கள். அவர்கள் இருவரும் மேசையில் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், அவள் கம்பளிக் கோட்டும் காதை மூடும் தொப்பியும் போட்டு, இருமிக்கொண்டு. டாக்டர் பயந்ததுபோல அவள் சாகவில்லை. இருமுவதற்கும் திட்டுவதற்கும் அந்தப் பாதி நுரையீரலே போதுமாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் அர்மஸ் அவளைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனான். அவன் கண்ணை அவள் மூடியபோது பனி நிற்கவில்லை.

அவனை எப்படிப் படுக்க வைப்பது என்று பாதிரியார் கேட்டார். குப்புற வைத்தால் ஊருக்கு மேலே ஒரு துளிகூட விழாது, எல்லாம் பூமிக்குள் போய்விடும் என்று பஞ்சாயத்துத் தலைவர் ஆசையோடு சொன்னார். ஐலி ஒத்துக்கொள்ளவில்லை. "போதும், மல்லாக்கப் போடுங்க. இனிமே வானத்தப் பாக்கட்டும்" என்றாள். அப்படியே போட்டார்கள். அவனுக்குக் கீழே இருக்கும் பழைய சுரங்கத்தில் தண்ணீர் வற்றிக் காய்ந்துகிடக்கிறது, எலிகள் நீண்ட நாள் வாழ்கின்றன. மேலே அந்த ஒரு கல்லறையில் மட்டும் ஜூலையிலும் பனி கிடக்கிறது. கோடையில் ஐஸ்கிரீம் கடைய ஊர்ப் பெண்கள் வாளியோடு போய் அள்ளி வருகிறார்கள். விலை கிடையாது. ஐலி கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால் மட்டும், அவள் பேசி முடிக்கும்வரை சற்றுத் தள்ளி நின்றுவிட்டு, பிறகு அள்ளுவது வழக்கம்.